சாய்கோட்டுக்குப் பின்னால் ஒரு பெயர்

அண்ணே,

இன்று மத்தியானம் எங்கள் ஆபீசில் தைல வாசம் வந்தது. சுபாங் ஜெயாவிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண், மெஷின் முரண்டு பிடித்ததும் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து நெற்றிப் பொட்டில் தேய்த்துக்கொண்டாள். நீங்கள்தான் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள் என்று நினைத்துச் சட்டென்று நிமிர்ந்தேன். அப்புறம் நிமிர்ந்ததற்காக என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டருக்கெல்லாம் புத்தி பேதலித்துவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருக்கிறதே, அதற்காகச் சாப்ட்வேரின் புதிய பதிப்பு ஏற்ற வந்தவள் அவள். நீங்கள் இருந்திருந்தால் இந்த வருடம் உங்களைக் கையில் பிடிக்க முடிந்திருக்காது. கம்ப்யூட்டர் பார்க்கக் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் ரயிலில் ஓடி ஓடியே உங்கள் சட்டை கசங்கியிருக்கும்.

உங்கள் தைலப் புட்டிக்கு இங்கே தனி மரியாதை இருந்தது. அது சட்டைப் பையிலேயே கிடந்தால் சின்னக் கோளாறு. வெளியே வந்துவிட்டால் கணக்குப் பிரிவு கமலா அக்கா கீழே தேத்தண்ணிக் கடைக்குப் போன் போட்டு எல்லாருக்கும் தே தாரிக் சொல்லிவிடுவார். "அண்ணன் தைலத்தை எடுத்துட்டாரு லா, இன்னைக்கு வேலை ஆன மாதிரிதான்" என்பார். நீங்களும் கோபித்துக்கொள்ளாமல் சிரிப்பீர்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அந்தத் தீபாவளிக்கு முந்தைய வாரமும் புட்டி வெளியே வந்தது. கொமுட்டர் ரயில் கிள்ளானுக்குப் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த சமயம். துறைமுகத்தில் இறங்கும் சரக்கை லோரியில் ஏற்றி அனுப்பும் எங்கள் கம்பெனியில் ஆள் பட்டியல், லீவு, சம்பளம், கழுத்தில் மாட்டும் பெயர் டேக் எல்லாம் ஒரே கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தன. அதற்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று ஒரு கட்டு டிஸ்கட்டோடு வந்தீர்கள். பண்டிகைச் சம்பளம் அதில்தான் போட வேண்டும் என்று முதலாளி தவுக்கே சொல்லிவிட்டதால், லோரி டிரைவர்கள்கூட மாடிக்கு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் ஒரு டிஸ்கட் படிக்க மாட்டேன் என்றது. அதைத் துடைத்துப் பார்த்துவிட்டு, முன்யோசனையாகக் கொண்டுவந்திருந்த வேறொரு பிரதியைப் போட்டீர்கள். அப்புறம் இடம் போதவில்லை என்றது. தேடினால் தவுக்கேயின் மகன் ஏற்றி வைத்திருந்த விளையாட்டுகள் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அவரிடம் கேட்காமலே அழித்தீர்கள். "பேக்கப் எடுத்தாச்சு, பயப்படாதீங்க. எதையும் பழைய எடத்துல கொண்டு வச்சிரலாம்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னீர்கள். அது உங்கள் வழக்கமான பேச்சு.

மூன்றாவதாக, பழைய விவரங்களைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது திரையில் ஓடிய நீலப் பட்டை பாதி வழியில் நின்றது. நின்றதோடு இல்லாமல் செய்ததையெல்லாம் ரத்து செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. அப்போதுதான் தைலம் வந்தது. தே தாரிக்கும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் நீங்கள் காரணத்தைக் கண்டுபிடித்துச் சத்தமாகச் சிரித்தீர்கள். புதிய பதிப்பு ஒவ்வொரு பெயரையும் சொந்தப் பெயர், அப்பா பெயர் என்று இரண்டாக உடைத்து இரண்டு கட்டத்தில் வைக்கிறதாம். மலாய்க்காரர் என்றால் நடுவில் வரும் 'பின்', 'பிந்தி'யைத் தேடும். இந்தியர் என்றால் ஏ எல், ஏ பி என்று ஒரு சாய்கோட்டோடு வருமே, அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான், அதாவது மகன், மகள், அதைத் தேடும். பழைய ஐசி அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு அதே இடத்தில் எஸ் ஓ, டி ஓ, அதாவது சன் ஆஃப், டாட்டர் ஆஃப் என்று இங்கிலீஷில் இருந்தது. அது தெரியாமல் மெஷின் திகைத்துப் போய் நின்றிருக்கிறது.

"அப்ப என்னாலதான் எல்லாருக்கும் சம்பளம் நிக்குதா?" என்றார் கமலா அக்கா. அவருடையது டி ஓ.

"நீங்க இங்கிலீஷ்காரி லா அக்கா. இப்ப மலாயாக்காரி ஆக்கிடறேன்" என்று நீங்கள் சொல்ல, டிரைவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. எஸ் ஓக்களையும் டி ஓக்களையும் ஒவ்வொன்றாக நீங்கள் மாற்றிக்கொண்டிருந்தீர்கள். அது முடிந்ததும் மெஷின் மறுபடியும் நிற்கும், எங்கே நிற்கும் என்பதும் எனக்குத் தெரியும். என் ஐசியில் சாய்கோடே கிடையாது. மல்லிகா. அவ்வளவுதான். அதற்குப் பின்னால் எழுத ஆள் இல்லை.

அம்மா அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. பதிவு செய்யப் போன இடத்தில் கேட்டார்களாம், சொல்ல எதுவும் இருக்கவில்லையாம். பள்ளிக்கூடத்தில் புது ஆசிரியை வரும் ஒவ்வொரு வருடமும் பெயர் வாசிக்கும்போது என் இடத்தில் ஒரு நொடி நிற்பார். "மல்லிகா ஏ பி...?" என்று இழுப்பார். முழு வகுப்பும் திரும்பிப் பார்க்கும். அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். இந்தக் கம்பெனிக்கு வந்தபோது, பழைய மெஷின் எதையும் கேட்காமல் என்னைச் சேர்த்துக்கொண்டது பெரிய நிம்மதியாக இருந்தது. டேக்கில் பலருக்குப் பெயர் பாதியிலேயே வெட்டுப்பட்டு வரும், அதனால் என்னுடையதை யாரும் கவனித்ததில்லை.

பட்டை ஓடியது. நின்றது.

"இன்னும் யாரு அண்ணே மிச்சம்? பிரிண்ட் போடுங்க, நான் படிச்சு சொல்றேன்" என்று கமலா அக்கா எழுந்து பிரிண்டரிடம் போனார். அவர் மனசில் கள்ளம் கிடையாது. உதவத்தான் வந்தார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையில் என் பெயர் இருந்தது, அதற்குக் கீழே பெயர் முழுமையாக இல்லை என்று ஒரு வரி.

நீங்கள் படித்தீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எல்லாரும் திரும்பியிருப்பார்கள். கையை நீட்டித் திரையை அணைத்தீர்கள், பிரிண்டர் ஒயரையும் பிடுங்கினீர்கள்.

"பேருல ஒண்ணும் இல்ல அக்கா. என் டிஸ்கட்டுதான் கோளாறு."

தவுக்கே அறையிலிருந்து வெளியே வந்தார். மறுபடியும் நின்றுவிட்டது என்று கேட்டதும் மலாயும் இங்கிலீஷும் கலந்து கத்தினார். சோதித்துப் பார்க்காத சாமானை எதற்கு என் ஆபீசுக்குக் கொண்டுவந்தாய், உனக்கு வேலை தெரியுமா, தெரியாதா, அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிடுகிறேன் என்று டிரைவர்கள் முன்னாலேயே விளாசினார். நீங்கள் "சாரி பாஸ், என் தப்புதான்" என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டீர்கள். உங்கள் தலையில் அப்போதே பாதி நரைத்திருந்தது. என் பெயர் திரையில் இருந்த அத்தனை நேரத்தில் பட்ட வெட்கத்தைவிட, நீங்கள் கை கட்டி நின்ற அந்தச் சில நிமிடங்களின் வெட்கம் பெரியது. வாயைத் திறந்தேனா? இல்லை.

எல்லாரும் சாப்பிடக் கிளம்பினார்கள். "மல்லிகா, நீங்க மட்டும் கொஞ்சம் இருங்க. பேருங்களைப் படிச்சுக் காட்ட ஆள் வேணும்" என்று சாதாரணமாகச் சொன்னீர்கள்.

கதவு சாத்தியதும் கேட்டீர்கள். "ஐசியில இப்படித்தான் இருக்கா?"

"இப்படித்தான்ணே."

"சரி" என்றீர்கள். ஏன், என்ன, யார் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெஷினைத் திட்டுவது போலப் பேசினீர்கள். "ஏ பின்னா என்ன? மகள். யாரோட மகள்னுதான் இது கேக்குது. அப்பா பேருதான் வேணும்னு கேக்கலையே. நீங்க உங்க அம்மாவோட மகள்தானே? அம்மா பேரைப் போட்டா வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கும்."

எவ்வளவு நேரான பேச்சு. அது இப்போது எழுதும்போதுதான் புரிகிறது. ஆனால் அன்றைக்கு நான் பதறிப் போனேன்.

"வேணாம்ணே. டேக்குல வருமே. பொம்பளை பேரு இருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிரும். ஏதாவது ஒரு ஆம்பளை பேரு போட்டுடுங்க."

"ஏதாவது பேருன்னா? தெருவுல போறவன் பேரையா?"

நான் அழத் தொடங்கிவிட்டேன். நீங்கள் தைலப் புட்டியைத் திறந்து, மூடி, திறந்து, கடைசியில் என்னிடமே நீட்டினீர்கள். பிறகு சொன்னீர்கள்.

"எங்க அப்பா பேரு மாரிமுத்து. ரயில்வேல இருந்தாரு. உயிரோட இருந்த வரைக்கும் மனுஷன் யாருக்கும் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்ததில்ல. செத்த பெறகாவது பேரைக் கொடுக்கட்டுமே. என்னா சொல்றீங்க?"

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன். நீங்கள் தட்டினீர்கள். மல்லிகா, ஏ, சாய்கோடு, பி, மாரிமுத்து. "இது ஆபீஸ் லிஸ்ட்டுக்கும் டேக்குக்கும் மட்டும்தான். கவர்மெண்ட் பேப்பருக்கு ஐசியில இருக்கிறது தனியா போகும். புரியுதா? எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம், நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்" என்றீர்கள். பட்டை ஓடி முடிந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தவர்களிடம் டிஸ்கட் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, பசியோடே ரயிலுக்குப் போனீர்கள்.

இந்த ஊரில் எல்லாரும் அண்ணன்தான். பஸ் ஓட்டுகிறவர், பாசாரில் மீன் வெட்டுகிறவர், கம்ப்யூட்டர் பார்க்க வருகிறவர், முகம் தெரியாத யாரானாலும் அண்ணே என்று கூப்பிட்டுவிடுகிறோம். அதுவரைக்கும் நான் உங்களைக் கூப்பிட்டதும் அப்படித்தான். அதற்குப் பிறகு கூப்பிடும்போது நாக்கு கூசும்.

நீங்கள் அதை வேடிக்கையாகவே வைத்துக்கொண்டீர்கள். அடுத்த தடவை வந்தபோது நீங்களாகவே "நீ" என்று மாறிவிட்டீர்கள். "என்னா தங்கச்சி, அப்பா எப்படி இருக்காரு?" என்று எல்லார் முன்னாலும் கேட்பீர்கள். "தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாரா?" என்பீர்கள். கமலா அக்கா ஒருநாள் உங்கள் டெலிவரி ரசீதையும் என் டேக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் அப்பா பேரு ஒண்ணா இருக்கே" என்றார். "இந்த ஊர்ல மாரிமுத்துக்கா அக்கா பஞ்சம்?" என்று நீங்கள் மெஷினைத் திறக்கப் போய்விட்டீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பயம் போய்விட்டது என்னவோ உண்மை. கழுத்தில் முழுப் பெயர் தொங்க, கொஞ்சம் நிமிர்ந்துகூட நடந்தேன். அதை நினைத்தாலும் இப்போது கூசுகிறது.

அம்மா கிள்ளானில் ஒரு டோபிக் கடையில் வேலை பார்த்தவள் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எந்தச் சட்டை யாருடையது என்று தெரிய காலருக்கு உள்ளே மையால் பெயர் எழுதி வைப்பார்களே, அதைப் பார்த்துப் பார்த்து ரோமன் எழுத்துப் படிக்கக் கற்றுக்கொண்டாள். பத்திரிகை படிக்க வராது, பெயர் படிக்க வரும். எந்தப் பெயரையும் கூட்டிப் படித்துவிடுவாள். இது தெரிந்திருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேக்கைத் துவைக்கப் போட்ட சட்டையிலேயே விட்டுவிட்டேன்.

"மாரிமுத்து யாரு?" என்று கேட்டாள், ஈரக் கையோடு.

"கம்ப்யூட்டர் தப்பா போட்டிருச்சும்மா."

அவள் டேக்கை முந்தானையில் துடைத்து ஆணியில் மாட்டினாள். "நல்ல பேராத்தான் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. ஊரார் அழுக்கை வெளுத்து என்னை வளர்த்தவள் பெயரை மறைக்க, அவளிடமே மெஷின் மேல் பழி போட்டேன்.

இதை உங்களிடம் சொன்னபோது, முதல் தடவையாக நீங்கள் கேலி பேசவில்லை. திருப்புளியைக் கீழே வைத்தீர்கள். "நான் அவசரப்பட்டுட்டேன் தங்கச்சி. அடுத்த அப்டேட்டுல மாத்திடுவோம்" என்றீர்கள். அதன் பிறகு அப்பாவை நலம் விசாரிப்பதை விட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு பதிப்பு ஏற்றும்போதும் என் பெயர் திரையில் வந்ததும் கையை நிறுத்தி, "இந்தத் தடவை?" என்று மெதுவாகக் கேட்பீர்கள். நான் பக்கத்து மேசைகளைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவைண்ணே" என்பேன். நீங்கள் என்டரைத் தட்டுவீர்கள். எத்தனையோ தடவை தட்டினீர்கள்.

நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை என்று உங்கள் கம்ப்யூட்டர் கடையிலிருந்து போன் வந்தது. கோலாலம்பூரில் உங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவர், "நீங்க யாரும்மா?" என்று கேட்டார். தங்கை என்று தொண்டை வரைக்கும் வந்தது. "அண்ணன் கம்ப்யூட்டர் பார்க்க வர்ற ஆபீஸ்ல இருந்து வரேன்" என்றேன். உங்கள் உடம்பு கிடந்த கூடத்திலேயே சொன்னேன், அண்ணே.

அண்ணி பேர் கேட்டார். மல்லிகா என்றதும் அழுது வீங்கிய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. என் காதருகே குனிந்து, "கிள்ளான் மல்லிகாவா? எங்க மாமனார் மகளா? கிள்ளான்ல எனக்கொரு தங்கச்சி இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார். பிறகு நிமிர்ந்து மற்றவர்களிடம், "சொந்தக்காரங்கதான்" என்று சொல்லிவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அங்கே நான் அழுததில் துக்கம் பாதிதான், மீதி வெட்கம்.

இனி இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சுபாங் ஜெயாப் பெண் விவரங்களை மாற்றி முடித்ததும், ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயரைச் சரிபார்க்கச் சொன்னாள். என் முறை வந்தது. "மல்லிகா ஏ பி மாரிமுத்து. சரியாக்கா?" என்று கேட்டு என்டரின் மேல் விரலை வைத்தாள். உங்கள் விரல் நிற்கும் அதே இடம். பக்கத்து மேசையில் கமலா அக்கா இருந்தார். வேறு சிலரும் வரிசையில் நின்றார்கள். இந்தத் தடவை கேட்க நீங்கள் இல்லை.

"இல்லம்மா. பின்னால இருக்கிறதை மாத்தணும். அஞ்சலைன்னு போடுங்க."

"அஞ்சலையா? அது..." என்று அவள் இழுத்தாள். பள்ளிக்கூடத்து இழுப்பேதான்.

"எங்க அம்மா பேரு" என்றேன். குரல் தேவைக்கு அதிகமாகவே சத்தமாக வந்துவிட்டது. முகம் காய்ச்சல் கண்ட மாதிரி சுட்டது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவுமில்லை. மெஷின், நீங்கள் சொன்ன மாதிரியே, வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டது. கமலா அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் போனை எடுத்துக் கீழே கடைக்கு எல்லாருக்கும் தே தாரிக் சொன்னார்.

இவ்வளவு சின்ன வேலைக்காகவா நான்கைந்து வருடம்? வெட்கம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். போகவில்லை. எதற்காக வெட்கப்படுகிறேன் என்பதுதான் மாறியிருக்கிறது.

சாயங்காலம் புதிய டேக்கை அம்மா கையில் கொடுத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், காலரைத் திருப்பிப் பார்க்கிறவள் மாதிரி கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டினாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கூட்டினாள்.

"அந்த மாரிமுத்து யாருன்னு இப்பவாவது சொல்லுவியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்கட், தவுக்கே திட்டியது, தேத்தண்ணி வாங்கித் தராத உங்கள் அப்பா, அண்ணி காதில் சொன்னது வரைக்கும். நான் பயந்த ஒரு கேள்வியையும் அம்மா கேட்கவில்லை. அவளுக்கு வந்த கோபம் வேறு.

"என் மகளுக்கு அப்பன் பேரைக் கொடுத்த புள்ள செத்துக் கெடந்திருக்கு. மாரிமுத்து வீட்டுக் கேதத்துக்கு அஞ்சலையைக் கூட்டிட்டுப் போகணும்னு ஒனக்குத் தோணலியா?"

தோன்றவே இல்லை, அண்ணே. அவளை எங்கும் கூட்டிப்போகாமல் இருந்தே எனக்குப் பழகிவிட்டது.

பழைய டேக்கை நான் எறியவில்லை. அது என் பர்சில் இருக்கிறது, இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் படத்துக்குப் போட அவள் இப்போதே மாலை சொல்லி வைத்துவிட்டாள். அங்கே யாராவது நிச்சயம் கேட்பார்கள், நீங்கள் யாரென்று.

இந்தத் தடவை சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தங்கை
மல்லிகா